டோக்கன் இல்லாத ரிக்வெஸ்டை உங்கள் லைப்ரரி எப்படிக் கையாள வேண்டும்

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐ-யை (நிரல்கள் இணையம் வழியே தகவல் கேட்கும் வழி) அழைக்கும் ஒரு சிறிய பைதான் லைப்ரரியை எங்கள் அலுவலகத்துக்காகப் பராமரித்து வருகிறேன். ரிலீஸ் விவரம், இஷ்யூ பட்டியல், ஃபைல் உள்ளடக்கம் இவற்றை எடுத்துத் தருவதுதான் அதன் வேலை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகள் பார்க்க வெவ்வேறாக இருக்கும். ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம்) இருக்கிறது, ஆனால் 404 (கிடைக்கவில்லை) வருகிறது. காலையில் ஓடியது, மதியம் 403 (மறுக்கப்பட்டது). என் லேப்டாப்பில் வருகிறது, சிஐ-யில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் இடத்தில்) வரவில்லை. கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் அடியில் இருக்கும்: இந்த ரிக்வெஸ்ட் டோக்கனோடு (அழைப்பவர் யார் என்று காட்டும் ரகசிய ஸ்ட்ரிங்) போனதா, இல்லாமல் போனதா?

பல லைப்ரரிகளுக்கு இதற்குப் பதில் தெரியும். ஆனால் வெளியே சொல்வதில்லை. சில லைப்ரரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், டோக்கன் இல்லையென்றால் சத்தமில்லாமல் டோக்கன் இல்லாமலே அனுப்பிவிடுகின்றன. நான் பின்பற்றும் விதி ஒன்றுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எந்த அடையாளத்தோடு போகிறது என்பதைப் பயனர் முடிவு செய்ய வேண்டும். அதை லைப்ரரி தானாக மாற்றக் கூடாது, ஏதாவது தோற்றால் என்ன அடையாளத்தோடு போய்த் தோற்றது என்று சொல்ல வேண்டும். இதை எப்படிக் கோடில் கொண்டுவருவது என்று கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் கிட்ஹப்பிலிருந்து எடுத்தவை. கடைசியில் விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியையும் கொஞ்சம் தொட்டிருக்கிறேன், ஏனென்றால் அது நேர் எதிராக நடந்துகொள்ளும்.

வெற்று டோக்கனை வாசலிலேயே நிறுத்துங்கள்

கிளையன்ட் ஆப்ஜெக்டை உருவாக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். டோக்கன் என்ற பாராமீட்டரில் மூன்று விதமாக வரலாம். பயனர் எதுவும் தரவில்லை. உருப்படியான டோக்கன் ஒன்றைத் தந்திருக்கிறார். அல்லது தந்திருக்கிறார், ஆனால் அது வெற்று ஸ்ட்ரிங். இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. “டோக்கன் இருந்தால் ஹெடரைச் சேர்” என்று பைதானில் ஒரு இஃப் மட்டும் போட்டால், எதுவும் தராததும் வெற்று ஸ்ட்ரிங் தந்ததும் ஒன்றாகிவிடும்.

வெற்று ஸ்ட்ரிங்கை யார் தருவார்கள் என்று தோன்றலாம். சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும். வெளியாள் ஒருவர் தன் ஃபோர்க்கிலிருந்து (ரெப்போவின் சொந்த நகலிலிருந்து) புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டால், நாம் ரெப்போவில் சேமித்து வைத்திருக்கும் டோக்கன் போன்ற சீக்ரெட்டுகள் அந்த ஒர்க்ஃப்ளோவுக்குக் கொடுக்கப்படுவதில்லை. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. சீக்ரெட்டின் பெயரைக் குறிப்பிட்ட இடத்தில் எரர் எதுவும் வராது, வெற்று ஸ்ட்ரிங்தான் வந்து உட்காரும். என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது, அதில் மதிப்பு இல்லை. லைப்ரரி அதை “டோக்கன் வேண்டாம்” என்று எடுத்துக்கொண்டால், புதிதாகப் பங்களிக்க வந்தவரின் டெஸ்ட் மட்டும் விழும். அவர் என்ன தப்பு செய்தோம் என்று தன் கோடையே தேடிக்கொண்டிருப்பார்.

அதனால் என் லைப்ரரியில் வெற்று ஸ்ட்ரிங் அல்லது வெறும் இடைவெளி வந்தால், ஆப்ஜெக்ட் உருவாகும்போதே வேல்யூஎரர் எழுப்பிவிடுகிறேன். நெட்வொர்க் பக்கமே போவதில்லை. டோக்கன் இல்லாமல் அழைக்க வேண்டும் என்றே ஒருவர் விரும்பினால், அதற்கென்று அனானிமஸ் என்ற தனி கன்ஸ்ட்ரக்டர் மெத்தட் இருக்கிறது. கூடுதலாக ஒரு சொல் டைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கோடைப் படிக்கிறவருக்கு “இது தெரிந்தே டோக்கன் இல்லாமல் போகிறது” என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும்.

இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டோக்கனை ஃபைலிலிருந்து படித்தால் கடைசியில் ஒரு புது வரிக் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காமல் ஹெடரில் வைத்து, பைதானில் எச்டிடிபி அழைப்புக்குப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வழியாக அனுப்பினால் “ஹெடர் சரியில்லை” என்று எக்செப்ஷன் எழும். அது நல்லதுதான். ஆனால் அந்த எரர் வாசகத்தில் ஹெடரின் மதிப்பு முழுவதும் இருக்கும், அதாவது டோக்கன் அப்படியே லாகில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே முன்பின் இடைவெளிகளை நீங்களே நீக்கிவிடுங்கள்.

அதே காரணத்துக்காக, கிளையன்ட் ஆப்ஜெக்டைப் பிரின்ட் செய்தால் டோக்கன் தெரியக் கூடாது. 2021 ஏப்ரலிலிருந்து கிட்ஹப் டோக்கன்களுக்கு வகைக்கு ஒரு முன்னொட்டு இருக்கிறது. பெர்சனல் ஆக்சஸ் டோக்கனின் பழைய வகை “ஜிஎச்பி அடிக்கோடு” என்று தொடங்கும். அனுமதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் புது வகைக்கு வேறு முன்னொட்டு. நான் முன்னொட்டை மட்டும் காட்டி மீதியை மறைத்துவிடுகிறேன். எந்த வகை டோக்கன் என்று தெரிந்தாலே பாதிச் சிக்கலைக் கண்டுபிடித்துவிடலாம்.

60-க்கும் 5000-க்கும் இடையில்

டோக்கன் இல்லாமல் கிட்ஹப்பை அழைத்தால் மணிக்கு 60 ரிக்வெஸ்ட். டோக்கனோடு போனால் மணிக்கு 5000. தேடல் ஏபிஐ-க்குத் தனிக் கணக்கு: டோக்கன் இல்லாமல் நிமிடத்துக்கு 10, இருந்தால் 30. ஆக்‌ஷன்ஸ் தானாகத் தரும் டோக்கனுக்கு ஒரு ரெப்போவுக்கு மணிக்கு 1000. கிட்ஹப்பின் இன்னொரு ஏபிஐ-யான கிராஃப்க்யூஎல் பக்கம் டோக்கன் இல்லாமல் போகவே முடியாது.

எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த 60 யாருடைய கணக்கில் கழிகிறது என்பது. டோக்கன் இல்லாத ரிக்வெஸ்டுகளை கிட்ஹப் ஐபி முகவரியை வைத்து எண்ணுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே முகவரிதான். மொபைல் இன்டர்நெட்டில் அடுத்த தெருக்காரரும் நீங்களும் ஒரே முகவரியில் இருக்கலாம். அடுக்குமாடி வீட்டின் மேல்தொட்டி மாதிரி, கீழ்வீட்டில் குழாயைத் திறந்து விட்டால் மேலே தண்ணீர் வராது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ரிலீஸ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டை ஓடவிட்டால், பக்கத்து இருக்கைக்காரரின் முதல் ரிக்வெஸ்டுக்கே 403 வரும். அவர் இன்று ஒரு முறைகூட அழைத்திருக்க மாட்டார்.

ஆகவே அளவு தீர்ந்துவிட்டது என்ற எரரை எழுப்பும்போது, யாருடைய அளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் எழுதும் வாசகம் இது: “டோக்கன் இல்லாமல் போன ரிக்வெஸ்ட். இந்த ஐபி முகவரிக்கான மணிக்கு 60 என்ற அளவு தீர்ந்துவிட்டது. இதே நெட்வொர்க்கில் வேறு யாராவது பயன்படுத்தியிருக்கலாம். 2:40 மணிக்குத் திரும்பக் கிடைக்கும். டோக்கன் கொடுத்தால் மணிக்கு 5000.” இதைப் படித்தவர் யாரும் அப்புறம் என்னிடம் வந்து கேட்பதில்லை.

அந்த 2:40 எங்கிருந்து வருகிறது? பதிலின் ஹெடர்களில் எக்ஸ்-ரேட்லிமிட்-ரீசெட் என்று ஒன்று இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள், யூடிசி நேரம். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட, உங்கள் கணினியின் கடிகாரத்தை நம்பாதீர்கள். அதே பதிலில் வரும் டேட் ஹெடரிலிருந்து கழியுங்கள். கடிகாரம் சில நிமிடம் தள்ளி ஓடும் மெஷின்கள் உண்டு, கன்டெய்னர்களிலும் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பதை லைப்ரரியே செய்யலாமா? டோக்கன் இல்லாத நிலையில் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வரை போகலாம். ஒரு ஃபங்க்‌ஷனை அழைத்துவிட்டு ஒருவர் ஒரு மணி நேரம் ஏதும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது சரியில்லை. நேரத்தைச் சொல்லி எக்செப்ஷன் எழுப்புங்கள், காத்திருப்பதா வேண்டாமா என்பதை அழைத்தவர் பார்த்துக்கொள்வார்.

மாறாத தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் ஈடேக் (முந்தைய பதிலோடு சர்வர் தந்த பதிப்பு அடையாளம்) வைத்துக் கேட்கலாம். “மாறவில்லை” என்ற 304 வந்தால் அளவில் கழியாது. ஆனால் அந்தச் சலுகை சரியான ஆத்தரைசேஷன் ஹெடரோடு போனால் மட்டும்தான். டோக்கன் இல்லாமல் போனால் 304-ம் கணக்கில் ஏறும். கேஷ் போட்டுவிட்டோம், அளவு மிச்சமாகும் என்று எதிர்பார்க்கும் பயனருக்கு இதைக் கட்டாயம் டாக்குமென்டேஷனில் எழுதி வையுங்கள்.

401, 403, 404: எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இந்தப் பகுதிதான் வேலை அதிகம் கேட்பது. லைப்ரரி ஒரு எக்செப்ஷனைத் தேர்ந்தெடுக்க, பதிலின் ஸ்டேட்டஸ் எண் மட்டும் போதாது. நாம் அனுப்பியதில் டோக்கன் இருந்ததா என்பதும் வேண்டும். அதனால் அனுப்பும்போதே ஒவ்வொரு ரிக்வெஸ்டோடும் அந்தத் தகவலை ஒட்டி வையுங்கள். எக்செப்ஷன் ஆப்ஜெக்டிலும் அது ஒரு ஃபீல்டாக இருக்கட்டும்.

401-ஐ எடுத்துக்கொள்வோம். “நான் யார்” என்று கேட்கும் யூசர் எண்ட்பாயின்டை டோக்கன் இல்லாமல் அழைத்தால் 401, அடையாளம் தேவை என்று வாசகம். காலாவதியான டோக்கனோடு அழைத்தாலும் 401, ஆனால் வாசகம் வேறு. இரண்டுக்கும் பயனர் செய்ய வேண்டிய வேலை வேறு. முதலாமவர் டோக்கன் உருவாக்க வேண்டும். இரண்டாமவர் இருக்கும் டோக்கனை மாற்ற வேண்டும். நான் இரண்டு எக்செப்ஷன் கிளாஸ் வைத்திருக்கிறேன்: “அடையாளம் தேவை”, “அடையாளம் செல்லாது”. எது என்பதை சர்வரின் ஆங்கில வாசகத்தில் சொல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். வாசகம் என்றைக்கு வேண்டுமானாலும் மாறலாம். நாம் டோக்கன் அனுப்பினோமா என்பது நமக்கே தெரியும், அதை வைத்துப் பிரியுங்கள்.

வேறு ஏபிஐ-களோடு பேசும் லைப்ரரி என்றால் டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆத்தென்டிகேட் ஹெடரையும் பாருங்கள். 401 தரும் சர்வர் அதை அனுப்பியாக வேண்டும் என்று எச்டிடிபி விதி சொல்கிறது. பேரர் டோக்கனுக்கான (கையில் வைத்திருப்பவருக்கே அனுமதி தரும் டோக்கன்) 2012-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6750 என்ற இணையத் தரநிலை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. டோக்கனே இல்லாமல் வந்தவருக்கு எரர் கோடு எதையும் தர வேண்டாம், டோக்கன் செல்லாது என்றால் மட்டும் அதற்குரிய கோடைத் தரவும் என்கிறது. அதைப் பின்பற்றும் சர்வரிடம் இரண்டு நிலைகளும் தெளிவாகப் பிரிந்தே வரும். எல்லா சர்வரும் பின்பற்றுவதில்லை, அதனால் இதைக் கூடுதல் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 404. ப்ரைவேட் ரெப்போவை அனுமதி இல்லாதவர் கேட்டால் கிட்ஹப் 403 தருவதில்லை, 404 தருகிறது. அப்படி ஒரு ரெப்போ இருப்பதே வெளியே தெரியக் கூடாது என்பது காரணம். சரியான முடிவுதான் அது. ஆனால் லைப்ரரி அதை அப்படியே “ரெப்போ இல்லை” என்று மொழிபெயர்த்தால் பொய்யாகிவிடும். டோக்கன் இல்லாமல் போய் 404 வந்தால் என் லைப்ரரி சொல்வது: “கிடைக்கவில்லை. இந்த ரிக்வெஸ்ட் டோக்கன் இல்லாமல் போனது. ரெப்போ ப்ரைவேட்டாக இருந்தாலும் இதே பதில்தான் வரும். பெயரைச் சரிபாருங்கள், அல்லது அனுமதியுள்ள டோக்கனோடு முயலுங்கள்.”

இதனால்தான் “ரெப்போ இருக்கிறதா” என்று ஆம், இல்லை மட்டும் திருப்பித் தரும் மெத்தட் ஒன்றை நான் தருவதே இல்லை. பலர் கேட்டிருக்கிறார்கள். 404-ஐ “இல்லை” என்று திருப்பித் தந்தால், அதை நம்பி யாரோ ஒருவர் நகல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுவார். டோக்கன் காலாவதியாகி அதை யாரோ நீக்கிவிட்டுப் புதியது வைக்க மறந்த நாளில், எல்லா ப்ரைவேட் ரெப்போவும் அந்த ஸ்கிரிப்டுக்கு “இல்லை” ஆகிவிடும்.

403-க்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கும், பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்-ரேட்லிமிட்-ரிமெய்னிங் 0 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அளவு தீர்ந்த சேதி, அனுமதிச் சிக்கல் இல்லை. இதே சேதி 429 என்றும் வரலாம், இரண்டையும் ஒன்றாகக் கையாளுங்கள். ரிட்ரை-ஆஃப்டர் இருந்தால் குறுகிய நேரத்தில் அதிகமாக அழைத்ததற்கான இரண்டாம் கட்டுப்பாடு. எக்ஸ்-கிட்ஹப்-எஸ்எஸ்ஓ இருந்தால் டோக்கன் நல்லதுதான், ஆனால் அந்த நிறுவனத்தின் சிங்கிள் சைன்-ஆனுக்கு அதை இன்னும் அனுமதிக்கவில்லை. இவை எதுவும் இல்லை, டோக்கனும் அனுப்பியிருக்கிறோம் என்றால்தான் “அனுமதி இல்லை” என்று சொல்லுங்கள். அப்போது எக்ஸ்-அக்செப்டட்-கிட்ஹப்-பெர்மிஷன்ஸ் ஹெடர் வந்திருந்தால் என்ன அனுமதி தேவை என்பதையும் எடுத்துக் காட்டுங்கள். யூசர்-ஏஜென்ட் இல்லாமல் அனுப்பினாலும் கிட்ஹப் 403 தரும், ஆனால் அதை லைப்ரரி எப்போதும் வைத்துவிடுவதால் அந்தப் பேச்சு வராது.

டோக்கன் செல்லாவிட்டால், இல்லாமல் ஒரு முறை முயலலாமே?

இதை நல்லெண்ணத்தோடு பலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. பப்ளிக் ரெப்போ ஒன்றை டோக்கன் இல்லாமல் கேட்டால் 200 வரும், காலாவதியான டோக்கனோடு கேட்டால் 401 வரும். எதுவும் தராதவருக்குக் கிடைப்பது, பழைய டோக்கன் தந்தவருக்குக் கிடைக்காது. அப்படியானால் 401 வந்ததும் ஹெடரை எடுத்துவிட்டு இன்னொரு முறை அனுப்பினால் பயனருக்கு வேலை நடந்துவிடுமே?

நடக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது. தன் டோக்கன் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. 5000 என்று நினைத்துக்கொண்டு 60-ல் ஓடிக்கொண்டிருப்பார். பட்டியல் கேட்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரு நிறுவனத்தின் ரெப்போக்களை டோக்கன் இல்லாமல் பட்டியலிட்டால் எரர் வராது, பப்ளிக் ரெப்போக்கள் மட்டும் 200-ஓடு வந்து நிற்கும். பட்டியல் சுருங்கிவிட்டது என்று எந்த எண்ணும் சொல்லாது. அரைகுறைப் பதில் முழுப் பதிலின் உடையில் வருவதைவிட, 401 என்று முகத்துக்கு நேரே சொல்வது எவ்வளவோ மேல். பயனர் விரும்பினால் அந்த எக்செப்ஷனைப் பிடித்து, அனானிமஸ் கிளையன்டை அவரே உருவாக்கி அழைத்துக்கொள்ளட்டும்.

அதே டோக்கனோடு திரும்பவும் முயல்வதும் வேண்டாம். செல்லாத அடையாளத்தோடு குறுகிய நேரத்தில் பல முறை வந்தால், அந்தப் பயனருக்கான அடையாளச் சோதனைகள் எல்லாவற்றையும் கிட்ஹப் கொஞ்ச நேரத்துக்கு 403 தந்து மறுத்துவிடும். நல்ல டோக்கனோடு வந்தாலும் அப்படித்தான். 500 வரிசை எரர்களுக்கு (சர்வர் பக்கக் கோளாறுகளுக்கு) நீங்கள் வைத்திருக்கும் ரிட்ரை லாஜிக், 401-ஐத் தொடாமல் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

லைப்ரரிக்குத் தெரியாமல் சேர்வதும் கழன்றுபோவதும்

டோக்கன் இல்லாமல் அனுப்பினோம் என்று நினைத்தது டோக்கனோடு போகலாம். பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, ஆத் பாராமீட்டர் தராதபோது பயனரின் நெட்ஆர்சி ஃபைலைப் பார்க்கும். அதில் அந்த ஹோஸ்டுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் எடுத்துச் சேர்த்துவிடும். நீங்கள் ஹெடரில் கையால் வைத்த ஆத்தரைசேஷனையும் அது தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைக்கும். ஒருவரின் மெஷினில் மட்டும் விநோதமாக நடக்கிறது என்றால் முதலில் இந்த ஃபைலைப் பாருங்கள். தீர்வு எளிது: செஷனின் ட்ரஸ்ட்-என்வ் என்ற அமைப்பை அணைத்துவிடலாம். ஆனால் ப்ராக்ஸி அமைப்புகளும் அதோடு போய்விடும். ப்ராக்ஸி தேவைப்படுகிறவர்கள் இருந்தால், ஆத் பாராமீட்டருக்கு உங்கள் சொந்த ஆப்ஜெக்ட் ஒன்றைக் கொடுங்கள். டோக்கன் இருந்தால் அது ஹெடரை வைக்கட்டும், அனானிமஸ் என்றால் எதுவும் செய்யாமல் விடட்டும். ஆத் தரப்பட்டுவிட்டதால் அந்த ரிக்வெஸ்டுக்கு நெட்ஆர்சி பக்கம் போகாது. நான் செய்வது இதைத்தான்.

ரீடைரக்டில், அதாவது சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்போது, இதற்கு எதிரானது நடக்கும். ரெப்போவை டார் ஃபைலாகக் கேட்டால் கிட்ஹப் வேறொரு ஹோஸ்டுக்கு 302 அனுப்பும். ஹோஸ்ட் மாறும்போது ஆத்தரைசேஷன் ஹெடரை ரிக்வெஸ்ட்ஸ் கழற்றிவிடும், 2018-ல் வந்த 7.58.0 பதிப்பிலிருந்து கர்ல் கருவியும் அப்படியே. கழற்றுவதுதான் சரி, டோக்கன் அந்நிய சர்வருக்குப் போகக் கூடாது. ப்ரைவேட் ரெப்போ என்றால் அந்த ரீடைரக்ட் முகவரியிலேயே தற்காலிக அனுமதி இருக்கும், ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும். ஆகவே அந்த முகவரியைச் சேமித்து வைத்து அப்புறம் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். ரீடைரக்டை நீங்களே கையாளும் கோடு எழுதினால், டோக்கனை மறுபடி ஒட்டிவிடாமல் கவனமாக இருங்கள். அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-யின் கையொப்பமிட்ட முகவரிக்கு ஆத்தரைசேஷன் ஹெடரும் சேர்ந்து போனால், ஒரு வழி மட்டும் சொல் என்று அது 400 தந்துவிடும்.

200 வந்தாலும் நம்பாதீர்கள்

மீடியாவிக்கியின் ஏபிஐ-யோடு பேசும் லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு வேறு கவலை. தமிழ் விக்கிப்பீடியாவில் பாட் (தானாகத் திருத்தும் நிரல்) ஓட்டுபவர்கள் பலருக்கும் இது தெரிந்திருக்கும். அங்கே லாகின் காலாவதியானால் 401 வராது. அங்கே டோக்கன் என்பது திருத்தம் அனுப்பும்போது கூடவே வைக்க வேண்டிய ஸ்ட்ரிங். அதைக் கேட்டால் தரும், ஆனால் அது லாகின் இல்லாதவர்களுக்குத் தரும் டோக்கன்: ஒரு கூட்டல் குறி, ஒரு பின்சாய்வுக் கோடு, அவ்வளவுதான். அதை வைத்துத் திருத்தம் அனுப்பினால் லாகின் இல்லாதவரின் திருத்தமாகப் பதிவாகலாம். பாட் கணக்கின் பெயரில் போக வேண்டியது, நடுவழியில் சத்தமில்லாமல் வேறு பெயரில் போகத் தொடங்கும்.

இதற்கு அங்கேயே மருந்து இருக்கிறது. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் அசெர்ட் என்ற பாராமீட்டரில் யூசர் அல்லது பாட் என்று கொடுங்கள். லாகின் போய்விட்டிருந்தால் திருத்தம் நடக்காது, யூசர் என்று கொடுத்திருந்தால் அசெர்ட்யூசர்ஃபெய்ல்ட், பாட் என்றால் அசெர்ட்பாட்ஃபெய்ல்ட் என்ற எரர் வரும். அந்த எரரும் ஸ்டேட்டஸ் 200-ஓடுதான் வரும் என்பதால், பதிலின் உள்ளே எரர் என்ற கீ இருக்கிறதா என்று பார்க்காமல் வெற்றி என்று முடிவு செய்யாதீர்கள். என்னைக் கேட்டால், லாகினோடு உருவாக்கிய கிளையன்டில் அசெர்ட் தானாகவே சேர வேண்டும், பயனர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வேலையாக அது இருக்கக் கூடாது. கூட்டல் குறியும் பின்சாய்வுக் கோடும் மட்டுமே டோக்கனாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவதும் நல்லது.

டெஸ்ட்

உண்மையான கிட்ஹப்பை அழைத்து டெஸ்ட் எழுத வேண்டாம், 60 தீர்ந்ததும் டெஸ்டும் விழும். லோக்கலில் ஒரு போலி சர்வரை ஓட்டி, வந்த ஹெடர்களை அது அப்படியே பதிவு செய்யட்டும். வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் ஒரு ரிக்வெஸ்ட்கூட வந்திருக்கக் கூடாது. அனானிமஸ் கிளையன்டிலிருந்து வந்ததில் ஆத்தரைசேஷன் ஹெடர் இருக்கக் கூடாது, இந்த டெஸ்டை நெட்ஆர்சி ஃபைல் ஒன்றைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். இரண்டாவது போர்ட்டில் இன்னொரு போலி சர்வரை வைத்து, முதலாவதிலிருந்து அங்கே ரீடைரக்ட் செய்து, டோக்கன் அங்கே போகவில்லை என்று பாருங்கள். போலி சர்வர் 401 தரும்போது, வந்த ரிக்வெஸ்டுகளை எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். எழும் எக்செப்ஷனின் வாசகத்தில் டோக்கனின் கடைசி நான்கு எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் டெஸ்ட் விழட்டும்.